கம்ப்ரசர், டர்பைன் ஆய்வுக்கு எந்தச் சோதனை ரிக்? தேர்வுக்கு முன் ஓர் ஒப்பீடு

கம்ப்ரசர்களையும் டர்பைன்களையும் ஆராய விரும்பும் ஓர் ஆய்வகம் தன் முதல் சோதனை ரிக்கை, அதாவது அளவெடுப்பதற்கென்றே அமைக்கும் எந்திரத்தை, திட்டமிடும்போது, எத்தனை கிலோவாட் மோட்டார் கிடைக்கும், நிமிடத்துக்கு எத்தனை சுற்று ஓட்ட முடியும் என்ற இரண்டு கேள்விகளிலிருந்தே பேச்சு பெரும்பாலும் தொடங்குகிறது. அந்த ரிக்கிலிருந்து எந்த அளவை எவ்வளவு துல்லியமாக எடுக்கப் போகிறோம் என்ற கேள்வி வெகு பின்னாலேயே வருகிறது. பல இடங்களில் எந்திரம் வந்து இறங்கிய பிறகுதான் வருகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றினால் தேர்வும் மாறிவிடும் என்பது என் உறுதியான கருத்து. முதல் ரிக்காகக் குறைவேகப் பெரிய சுழல் ரிக்கையே பெரும்பாலான ஆய்வகங்கள் எடுக்க வேண்டும் என்றும், டர்பைன் வெப்பப் பரிமாற்றத்துக்குக் குறுநேர ரிக்கே ஏற்றது என்றும், அதிவேகக் கம்ப்ரசர் ரிக்கை அதிர்ச்சி அலை (ஒலியை மிஞ்சும் பாய்வில் அழுத்தம் திடீரெனத் தாவும் இடம்) சார்ந்த கேள்விக்கு மட்டுமே நாட வேண்டும் என்றும் நான் கருதுவதற்கான காரணங்களை இக்கட்டுரையில் எண்களோடு வைக்கிறேன்.

நம் முன் உள்ள வாய்ப்புகள் இவை: பிளேடுகளை ஒரே வரிசையில் அசையாமல் நிறுத்திக் காற்றை வீசும் நேர்கோட்டுக் கேஸ்கேடு, அதையே வட்டமாக அமைத்த வளையக் கேஸ்கேடு, குறைவேகத்தில் ஓடும் பெரிய சுழல் ரிக், எஞ்சினின் உண்மையான மாக் எண்ணில் (பாய்வு வேகத்துக்கும் ஒலி வேகத்துக்கும் உள்ள விகிதம்) ஓடும் அதிவேக ரிக், ஒரு வினாடிக்கும் குறைவான நேரமே ஓடும் குறுநேர ரிக், டர்போசார்ஜரை அப்படியே ஏற்றிச் சோதிக்கும் வெப்பவாயு மேடை, காற்றுக்குப் பதில் திரவத்தில் ஓடும் ஒளியியல் ரிக்.

எதை ஒத்திருக்க வேண்டும்?

ஓர் எஞ்சினின் டர்பைனை அதே 1,800 கெல்வின் வாயுவில் ஆய்வகத்தில் ஓட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. பாய்வின் நடத்தையைத் தீர்மானிப்பவை சில பரிமாணமற்ற எண்கள்தான். வேகத்தை நுழைவு வெப்பநிலையின் இருமடி மூலத்தால் வகுத்து ஒத்த நிலைக்குக் கொண்டுவந்தால் மாக் எண் காக்கப்படும்; அழுத்தத்தைச் சரிசெய்தால் ரெனால்ட்ஸ் எண் (பாய்வின் உந்தத்துக்கும் பாகுநிலைக்கும் உள்ள விகிதம்) காக்கப்படும். வெப்பப் பரிமாற்றத்துக்கு இவற்றோடு வாயு வெப்பநிலைக்கும் சுவர் வெப்பநிலைக்கும் உள்ள விகிதமும் வேண்டும். எஞ்சினில் வாயு 1,800 கெல்வினும் குளிர்விக்கப்பட்ட பிளேடு 1,200 கெல்வினும் இருந்தால் விகிதம் 1.5. ஆய்வகத்தில் பிளேடு அறை வெப்பநிலையான 300 கெல்வினில் இருக்க, வாயு 450 கெல்வினில் வந்தால் அதே 1.5 கிடைத்துவிடுகிறது. உருகும் நிலையை நெருங்கும் உலோகங்களோடு போராடாமலேயே எஞ்சினின் வெப்பக் கேள்விகளில் பெரும்பகுதிக்கு விடை தேட இந்த ஒரு கணக்கு வழி திறக்கிறது. வாயுவின் தன்வெப்ப விகிதம் சற்று மாறும், எரிப்பறையின் கதிர்வீச்சு இருக்காது; இவற்றைத் திருத்தமாகவோ விலக்காகவோ கணக்கில் கொள்ள வேண்டும்.

எல்லா எண்களையும் ஒரே ரிக்கில் ஒருசேரக் காப்பது பெரும் செலவு. ஆகவே தேர்வு என்பது எந்த எண்ணை விட்டுக்கொடுக்கலாம் என்பதைப் பற்றியது. எதைக் கைவிடுகிறோம் என்று முதல் நாளே தாளில் எழுதி வைக்கும் ஆய்வகம், பின்னால் தன் அளவீடுகளை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைத் தெளிவாகச் சொல்ல முடியும்.

கேஸ்கேடு: எளிமையும் அதன் எல்லையும்

நேர்கோட்டுக் கேஸ்கேடு என்பது சுழலும் பிளேடு வரிசையை ஓர் ஆரத்தில் வெட்டி, விரித்து, நேராக நிறுத்தியது போன்றது. அமெரிக்காவின் வானூர்தி ஆய்வு அமைப்பான நாக்கா 1950-களில் வெளியிட்ட 65 வரிசைப் பிளேடு அளவீடுகள் இப்படிப்பட்ட காற்றுச் சுரங்கங்களிலிருந்தே வந்தன. பல தலைமுறைக் கம்ப்ரசர் வடிவமைப்புகள் அவற்றின் மேல் நின்றன. பிளேடின் மேற்பரப்பில் பாய்வு எவ்வளவு மந்தப்படலாம் என்பதற்கு லீப்ளைன் 1953-இல் கொடுத்த விரவல் காரணியும், அது ஏறத்தாழ 0.6-ஐத் தாண்டினால் இழப்பு விரைந்து உயரும் என்ற வரம்பும் கேஸ்கேடு அளவீடுகளால் வலுப்பெற்றவை. பெல்ஜியத்தின் வான் கார்மன் நிறுவனத்தில் அளந்து 1990-இல் வெளியிடப்பட்ட எல்எஸ்89 டர்பைன் வழிகாட்டிப் பிளேடின் வெப்பப் பரிமாற்ற அளவுகளை இன்றும் கணினிக் கணிப்புகளைச் சரிபார்க்க எடுத்துக்கொள்கிறார்கள். அதுவும் ஒரு நேர்கோட்டுக் கேஸ்கேடுதான். எளிய கருவி என்பதால் அதன் விளைவுகள் எளியவை ஆகிவிடவில்லை.

ஆனால் கேஸ்கேடைக் கட்டுவதைவிட அதைச் 'சரியாக்குவது' கடினம். முடிவில்லாத வரிசை என்ற கற்பனையை ஏழோ ஒன்பதோ பிளேடுகளைக் கொண்டு நிறைவேற்ற வேண்டியிருப்பதால், நடுவிலுள்ள மூன்று நான்கு பாதைகளிலாவது பாய்வு ஒன்றுபோல் இருக்க வேண்டும். பிளேடுகளுக்குப் பின்னால் ஐந்துதுளை அழுத்தமுள் ஒன்றை வரிசைக்கு இணையாக மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்த்தும்போது, ஒவ்வொரு பிளேடின் பின்னோட்டமும் (பிளேடுக்குப் பின்னால் இழுபடும் மந்தமான பாய்வு) மொத்த அழுத்தத்தில் ஒரு பள்ளமாகத் திரையில் விழும். அடுத்தடுத்த பள்ளங்கள் ஆழத்திலும் அகலத்திலும் ஒத்துப்போகும்வரை, வரிசையின் இரு முனைகளிலும் உள்ள வால்பலகைகளின் கோணத்தையும், பக்கச் சுவர்களில் எல்லைப்படலத்தை (சுவரை ஒட்டி மந்தமாக ஓடும் காற்றுப் படலம்) உறிஞ்சும் அளவையும் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். ஒன்றைத் தொட்டால் மற்றொன்று கலையும். நுழைவுக் கோணத்தை இரண்டு பாகை மாற்றினால் வேலை முழுவதும் மீண்டும் தொடங்கும். மாக் எண் 1-ஐ நெருங்கும்போது அதிர்ச்சி அலைகள் வால்பலகையில் பட்டுத் திரும்பி வரிசைக்குள் நுழைவதால், துளையிட்ட பலகைகள் தேவைப்படும். கேஸ்கேடுக்கு ஒதுக்கும் காலத்தில் பெரும்பங்கை இந்த வேலைக்கே திட்டமிடுவது நியாயம்.

கேஸ்கேடு சொல்லாதவற்றையும் கூற வேண்டும். சுழற்சி இல்லை, ஆரத்திசை அழுத்தச் சரிவு இல்லை, பிளேடு முனைக்கும் உறைக்கும் இடையிலான இடைவெளியில் உறைச் சுவர் பிளேடைச் சார்ந்து நகர்வதும் இல்லை. முன்வரிசைப் பிளேடுகளின் பின்னோட்டங்கள் மாறி மாறி வந்து மோதுவதை, நகரும் கம்பிகளை முன்னால் ஓட்டிப் போலச் செய்யலாம். சுவர் நகர்வதை ஓடும் பட்டையால் போலச் செய்யலாம். இவற்றைச் சேர்க்கச் சேர்க்கக் கேஸ்கேடின் முதன்மையான நன்மையான எளிமை கரைந்துகொண்டே போகும். என் பார்வையில், பட்டையும் கம்பியும் இரண்டும் தேவைப்படும் கேள்வி ஏற்கெனவே சுழல் ரிக்கின் கேள்வியாகிவிட்டது. வளையக் கேஸ்கேடு ஆரத்திசை அழுத்தச் சரிவை மீட்டுத் தருகிறது. டர்பைன் வழிகாட்டிப் பிளேடுகளுக்கு அது மிகவும் பொருந்தும். கம்ப்ரசரின் சுழலும் பிளேடு வரிசையான ரோட்டாருக்கு அதனால் பெரிய பயன் இல்லை.

குறைவேகப் பெரிய ரிக்

ஒன்றரை மீட்டர் வெளிவிட்டமும் 0.8 உள்வெளி விட்ட விகிதமும் கொண்ட ஒரு கம்ப்ரசர் ரிக்கை எடுத்துக்கொள்வோம். பிளேடின் உயரம் 150 மில்லிமீட்டர். முனைவேகம் வினாடிக்கு 60 மீட்டர் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 760 சுற்றுகள் போதும். அச்சுத்திசை வேகம் முனைவேகத்தில் பாதி என்று கொண்டால் வினாடிக்கு ஏறத்தாழ 23 கிலோ காற்று ஓடும்; சுமைக் கெழு (ஒரு கிலோ காற்றுக்குத் தரும் ஆற்றலை முனைவேகத்தின் இருமடியால் வகுத்தது) 0.4 என்றால் ஒரு நிலைக்கு, அதாவது சுழலும் வரிசை ஒன்றும் அசையாத வரிசை ஒன்றும் சேர்ந்த அடுக்குக்கு, ஆகும் ஆற்றல் சுமார் 33 கிலோவாட். நான்கு நிலைகளை அடுக்கினாலும் 130 கிலோவாட்டுக்குச் சற்று மேல்தான். 100 மில்லிமீட்டர் நாண் (முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரையுள்ள நீளம்) கொண்ட பிளேடில் ரெனால்ட்ஸ் எண் மூன்றரை லட்சத்தை ஒட்டி வருவதால், கம்ப்ரசர் பிளேடுகளின் நடத்தை மோசமாகத் தொடங்கும் இரண்டு லட்சம் என்ற எல்லைக்கு வசதியாக மேலே நிற்கிறோம்.

இந்த வகையில் நன்கு அறியப்பட்டது ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் குறைவேக ஆய்வுக் கம்ப்ரசர். அதன் உறை விட்டம் 1.524 மீட்டர். ஒரே மாதிரியான நான்கு நிலைகளை அடுக்கி, மூன்றாவது நிலையில் அளவெடுப்பது அங்கே வழக்கம். முதல் இரண்டு நிலைகள் உண்மையான பலநிலைக் கம்ப்ரசரின் நடுவில் நிலவும் தடித்த சுவர்ப் படலங்களையும் கலக்கத்தையும் உருவாக்கிக் கொடுக்க, நான்காவது நிலை வெளியேற்றத்தின் தாக்கத்தைத் தடுத்து நிற்கிறது. விஸ்லர் 1985-இல் வெளியிட்ட கட்டுரை, இப்படிக் குறைவேகத்தில் கண்ட இழப்புக் குறைப்புகளை அதிவேக எஞ்சின் பிளேடுகளுக்கு எப்படிக் கொண்டுசெல்வது என்பதை விளக்கியது. அதிவேகப் பிளேடின் வடிவத்தை அப்படியே பெரிதாக்கினால் பயன் இல்லை. மேற்பரப்பு அழுத்தப் பகிர்வு ஒத்திருக்கும்படி பிளேடின் தடிமனையும் வளைவையும் குறைவேகத்துக்கென மாற்றி வரைய வேண்டும். அடர்த்தி மாற்றத்தை இழக்கிறோம். எல்லைப்படலத்தையும், முனை இடைவெளி வழியே நடக்கும் முனைக்கசிவையும், பிளேடும் சுவரும் சேரும் மூலையில் பாய்வு விலகும் மூலைப் பிரிவையும் காக்கிறோம்.

பெரிய அளவு தரும் பலன்களில் முனை இடைவெளியை முதலில் சொல்வேன். 150 மில்லிமீட்டர் உயரப் பிளேடில் 1 விழுக்காடு என்றால் 1.5 மில்லிமீட்டர். தகட்டு அளவியை நுழைத்து அளக்கலாம், உறை வளையத்தை மாற்றி மாற்றி வைக்கலாம், ஓடும்போதும் அந்த இடைவெளி ஏறத்தாழ அப்படியே இருக்கும். சிறிய அதிவேக ரோட்டாரில் அதே 1 விழுக்காடு அரை, முக்கால் மில்லிமீட்டர் ஆகிவிடும். மேலும் மையவிலக்கு விசையாலும் வெப்பத்தாலும் பிளேடு நீள்வதால், நின்றநிலையில் அளந்தது ஓடும்போது பொருந்தாது. மின்தேக்க உணரிகளால் ஓட்டத்திலேயே அளந்தாக வேண்டும். கம்ப்ரசர் ஸ்டாலுக்குள் (பிளேடிலிருந்து பாய்வு விலகி அழுத்த உயர்வு குலைவது) செல்லும் தருணத்தில் தோன்றும் கூர்முனைக் குறுக்கீட்டையும், அதற்கு முன்னால் மெல்ல வளரும் நீண்ட அலைகளையும் வேறுபடுத்திக் காட்டிய கேம்பிரிட்ஜ் ஆய்வுகளில் குறைவேக ரிக்குகளின் பங்கு பெரிது. பாதுகாப்பான வேகத்தில் ரிக்கை மீண்டும் மீண்டும் ஸ்டாலுக்குள் கொண்டுபோக முடிவதே அதற்குக் காரணம்.

இந்த ரிக்குக்கு ஒரு பெரிய குறை உண்டு. மேலே கொண்ட கணக்கில் ஒரு நிலையின் மொத்த வெப்பநிலை உயர்வு வெறும் 1.4 கெல்வின். வெப்பநிலையை அளக்கும் வெப்ப இரட்டை 0.1 கெல்வின் பிழையோடு காட்டினாலே செயல்திறனில் ஏழு விழுக்காடு பிழை வந்துவிடும். ஆகவே இங்கே செயல்திறனை வெப்பநிலையிலிருந்து எடுப்பது வீண் முயற்சி. தண்டில் முறுக்குவிசை அளவியைப் பொருத்தி, பேரிங்குகளின் உராய்வைத் தனியாக அளந்து கழித்து, அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். அழுத்த உயர்வும் ஒரு நிலைக்கு ஒன்றரை கிலோபாஸ்கலை ஒட்டியே இருக்கும் என்பதால், அழுத்த உணரியின் அளவெல்லை இரண்டு மூன்று கிலோபாஸ்கலுக்குள் இருக்க வேண்டும். கிடங்கில் இருக்கிறதே என்று பத்து பார் உணரியை எடுத்து மாட்டினால் அளவீட்டில் எஞ்சுவது இரைச்சல்தான். முறுக்குவிசை அளவியை வரைபடத்தின் முதல் பதிப்பிலேயே தண்டில் இடம் ஒதுக்கி வரைய வேண்டும். பிறகு சேர்க்க இடம் கிடைக்காது.

அதிவேக ரிக்

இதற்கு எதிர்முனையில் நாசாவின் ரோட்டார் 37 நிற்கிறது. 36 பிளேடுகள், நிமிடத்துக்கு 17,188 சுற்றுகள், வினாடிக்கு 454 மீட்டர் முனைவேகம், 2.106 அழுத்த விகிதம், வினாடிக்கு 20.19 கிலோ காற்று. ஒரேயொரு ரோட்டார்தான். 88 விழுக்காடு செயல்திறன் என்று வைத்துக் கணக்கிட்டால் வெப்பநிலை ஏறத்தாழ 78 கெல்வின் உயரும்; தேவைப்படும் ஆற்றல் ஏறத்தாழ 1.6 மெகாவாட். முன் கண்ட குறைவேக நிலையில் இதைவிடச் சற்று அதிகமான காற்றே ஓடியது. ஆற்றல் மட்டும் ஐம்பது மடங்குக்கு அருகில் உயர்ந்துவிட்டது. வழக்கமான மின்மோட்டாரின் வேகத்திலிருந்து 17,000 சுற்றுகளுக்கு ஏற்றும் பற்சக்கரப்பெட்டி, அதற்கான எண்ணெய் அமைப்பு, தண்டின் அதிர்வு வரம்புகளைத் தாண்டும் ஏற்பாடு ஆகியவை ரோட்டாரைவிட அதிகமாகச் செலவு கேட்கும்.

இங்கே வெப்பநிலையிலிருந்து செயல்திறனை எடுக்கலாம். 78 கெல்வின் உயர்வில் 0.4 கெல்வின் பிழை என்றால் அரை விழுக்காடுதான். ஆனால் பாய்வுக்குள் எதையும் நுழைப்பது கடினமாகிவிடுகிறது. பாதை குறுகியது, மெல்லிய அழுத்தமுள் ஒன்றே பாதையின் பரப்பில் கணிசமான பங்கை அடைத்துவிடும், அதன் முன்னால் எழும் அதிர்ச்சி அலை, அளக்க வந்ததையே மாற்றிவிடும். பிளேடுகள் வினாடிக்குப் பத்தாயிரம் முறைக்கு மேல் கடந்து போவதால், ஒவ்வொரு பிளேடின் உருவத்தையும் காண நூறு கிலோஹெர்ட்ஸ் அளவில் பதிலளிக்கும் உணரிகள் வேண்டும். லேசர் அளவீடு முதன்மை வழியாகிவிடுகிறது; அதற்கு உறையில் கண்ணாடிச் சாளரம், அதன் வளைவு, பாய்வில் தூவும் நுண்துகள்கள் அதிர்ச்சி அலையைத் தாண்டும்போது பின்தங்குவது என்று அடுத்தடுத்த சிக்கல்கள் வரும்.

1994-இல் அமெரிக்க எந்திரப் பொறியாளர் சங்கத்தின் எரிவாயுச் சுழலி நிறுவனம் நடத்திய விடையறியாச் சோதனையில், ரோட்டார் 37-இன் அளவீடுகளைக் காட்டாமல் வடிவத்தை மட்டும் கொடுத்துப் பல குழுக்களைக் கணிக்கச் சொன்னார்கள். கணிப்புகள் ஒன்றுக்கொன்று கணிசமாக வேறுபட்டன. பிளேடின் அடிப்பகுதியை ஒட்டி அளவீட்டில் காணப்பட்ட அழுத்தக் குறைவைப் பெரும்பாலான கணிப்புகள் காட்டவில்லை. ரோட்டாருக்கு முன்னால் சுழலும் பகுதிக்கும் நிலையான பகுதிக்கும் இடையே இருந்த மிகச் சிறு இடைவெளி வழியே கசிந்த காற்று அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று பின்னர் விளக்கம் முன்வைக்கப்பட்டது. அதிவேக ரிக்கைத் திட்டமிடும் எவரும் இதை மனத்தில் கொள்வது நல்லது. கணிப்பைச் சரிபார்க்கும் தரவை உருவாக்குவதே நோக்கம் என்றால், பிளேடின் வடிவத்தைப் போலவே ஒவ்வொரு இடுக்கையும் அடைப்பானையும் அளந்து பதிய வேண்டும். இது குறைவேக ரிக்குக்கும் பொருந்தும் என்றாலும், அதிவேகத்தில் ஒரு மில்லிமீட்டர் இடுக்கு பாதையின் உயரத்தில் பெரிய பங்காக இருக்கிறது.

மூடிய சுற்றில் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து ஓட்டினால் ஆற்றலும் அதே விகிதத்தில் குறையும். மாக் எண் மாறாது. அரை வளிமண்டலத்தில் 1.6 மெகாவாட் 0.8 ஆகிவிடும், ரெனால்ட்ஸ் எண்ணும் பாதியாகும். மின்னிணைப்பு போதாத இடங்களில் இது நேர்மையான வழி. கூடவே, அழுத்தத்தை மட்டும் மாற்றி ரெனால்ட்ஸ் எண்ணின் தாக்கத்தைத் தனித்துக் காண்பதும் மூடிய சுற்றில்தான் இயலும்; திறந்த சுற்றில் அன்றைய வானிலைதான் தீர்மானிக்கும். குளிர்விப்பானும் கசிவற்ற மூட்டுகளும் இதற்குக் கொடுக்கும் விலை.

பாதுகாப்பைப் பற்றி ஒரே ஒரு கணக்கு போதும்: நூறு கிராம் உலோகத்துண்டு 454 மீட்டர் வேகத்தில் பிய்ந்து வெளியேறினால் அதன் இயக்க ஆற்றல் பத்து கிலோஜூல். தடுப்பு வளையம், வேகமீறல் நிறுத்தி, ஆளில்லாத சோதனை அறை ஆகிய மூன்றும் திட்டச்செலவின் உள்ளேயே இருக்க வேண்டும்.

கம்ப்ரசர் ரிக்குகள் அனைத்துக்கும் பொதுவான ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது அடிக்கடி தவறவிடப்படுகிறது. கம்ப்ரசருக்கும், பாய்வைக் குறுக்கும் த்ராட்டில் வால்வுக்கும் இடையே உள்ள குழாயின் கொள்ளளவு, ரிக் ஸ்டாலில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைத் தீர்மானிக்கிறது. கிரெய்ட்சர் 1976-இல் காட்டியபடி, வேகமும் கொள்ளளவும் சேர்ந்த ஒரு பரிமாணமற்ற அளவுரு ஒரு வரம்பைத் தாண்டினால் மொத்தப் பாய்வே முன்னும் பின்னும் ஊசலாடும் சர்ஜ் தோன்றும். வரம்புக்குக் கீழே இருந்தால் பிளேடு வரிசையைச் சுற்றி ஓடும் சுழல் ஸ்டால் மட்டும் நிலைக்கும். அவர் ஆராய்ந்த கம்ப்ரசரில் அந்த வரம்பு ஏறத்தாழ 0.8. அடக்கமான சுழல் ஸ்டாலை ஆராய விரும்புகிறவர் த்ராட்டிலைக் கம்ப்ரசரின் வெளியேற்றத்துக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு அருகில் வைக்க வேண்டும். சர்ஜை ஆராய விரும்புகிறவர் வேண்டுமென்றே பெரிய கலத்தை இணைக்க வேண்டும். கட்டடத்தின் வசதிக்காகக் குழாயை நீட்டி, த்ராட்டிலைக் கூரைக்குக் கொண்டுபோய் வைத்தால், ஆய்வுக் கேள்வியைக் கட்டடக் கலைஞர் முடிவு செய்தவராகிவிடுகிறார்.

டர்பைனுக்கு: தொடர் ஓட்டமா, குறுநேரமா?

டர்பைன் ரிக்கில் ஆற்றல் எதிர்த்திசையில் ஓடுகிறது. காற்றை வெளியே அழுத்தித் தர வேண்டும், டர்பைன் தரும் ஆற்றலை நீர்த்தடையோ சுழல்மின் தடையோ ஜெனரேட்டரோ விழுங்க வேண்டும். வினாடிக்கு 10 கிலோ காற்றை மூன்று மடங்கு அழுத்தத்தில் தொடர்ந்து தர, 80 விழுக்காடு செயல்திறனுள்ள கம்ப்ரசருக்கு 1.3 மெகாவாட்டுக்கு மேல் வேண்டும். அதே 10 கிலோ பாய்வை வெறும் 0.3 வினாடிக்குத் தர மூன்று கிலோ காற்று போதும். சிறிய அழுத்தி ஒன்று மெல்ல மெல்லக் கலத்தை நிரப்பிவிடும். குறுநேர ரிக்கின் நியாயம் முழுவதும் இந்த ஒப்பீட்டில் இருக்கிறது.

ஆக்ஸ்ஃபோர்டில் ஷுல்ட்ஸும் ஜோன்ஸும் 1970-களில் வளர்த்த இலகு பிஸ்டன் சுரங்கம் இதில் அழகான தீர்வு. நீண்ட குழாயில் இலகுவான பிஸ்டன் ஒன்றைப் பின்னாலிருந்து வரும் உயர் அழுத்தக் காற்று தள்ள, முன்னால் உள்ள காற்று வெப்ப இழப்பின்றி அமுங்கிச் சூடாகிறது. ஒரு பாரிலிருந்து 4.8 பார் வரை அமுக்கினால் 288 கெல்வின் காற்று 450 கெல்வினை எட்டும். நாம் மேலே தேடிய 1.5 விகிதம் சூடேற்றி எதுவும் இல்லாமலேயே கிடைத்துவிடுகிறது. அப்போது விரைவு வால்வு திறக்க, ஒரு சில நூறு மில்லிவினாடிகளுக்கு நிலையான பாய்வு டர்பைன் வழியே ஓடும். வான் கார்மன் நிறுவனத்தின் சிடி-3 ரிக் இந்தத் தத்துவத்தில் முழுச் சுழல் டர்பைன் நிலையையே ஓட்டுகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம் பிஸ்டன் இன்றிச் சூடான கலத்திலிருந்து வாயுவைத் திறந்துவிடும் வழியை எடுத்தது. ஒலி வேகம் குறைந்த கனவாயுக் கலவையைப் பயன்படுத்தி ரோட்டாரின் வேகத்தையும் அழுத்தங்களையும் கைக்கு அடக்கமாக வைத்தது.

குறுநேரம் அளவீட்டுக்கே நன்மையாக மாறும் இடம் வெப்பப் பரிமாற்றம். பிளேடின் மேல் பதித்த பிளாட்டினம் மென்படலத்தின் மின்தடை, மேற்பரப்பு வெப்பநிலை உயர உயர மாறுகிறது. அடியிலுள்ள பொருள் பீங்கான் போன்ற வெப்பத்தடைப் பொருள் என்றால், 0.3 வினாடியில் வெப்பம் உள்ளே புகும் ஆழம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். பிளேடின் மறுபக்கம் வெப்பம் வந்ததையே அறியாது. ஆகவே முடிவற்ற தடிமனுள்ள பொருள் என்று கொண்டு, மேற்பரப்பு வெப்பநிலையின் வரலாற்றிலிருந்தே வெப்பப் பாய்வைக் கணக்கிட்டுவிடலாம். தொடர் ரிக்கில் பிளேடு முழுவதும் சூடாகி, வெப்பம் அடிப்பகுதிக்கும் வட்டுக்கும் கடத்தப்பட்டு, கணக்கு பலமடங்கு சிக்கலாகிவிடும்.

குறைகள் இல்லாமல் இல்லை. தடை இல்லாவிட்டால் ஓட்டத்தின் போதே ரோட்டார் வேகமெடுத்துவிடும். மாசசூசெட்ஸ் ரிக்கில் சுழல்மின் தடையும், ஆக்ஸ்ஃபோர்டில் டர்பைனிலிருந்து வெளியேறும் காற்றையே அமுக்கி எதிர்ச்சுமை தரும் தடைச் சக்கரமும் இதற்காக வந்தவை. சாதாரண வெப்ப இரட்டையால் அந்த நேரத்துக்குள் நிலைபெற முடியாது. பாதை முழுவதையும் முள்ளால் வருடிப் பார்க்க ஒரே ஓட்டத்தில் நேரம் இல்லை. பல ஓட்டங்களைச் சேர்த்துத்தான் ஒரு படம் உருவாகும். செயல்திறனைக் கால் விழுக்காட்டுக்குள் சொல்ல வேண்டும், குளிர்காற்றின் அளவை மாற்றி மாற்றி நீண்ட நேரம் பார்க்க வேண்டும் என்றால், தொடர் ரிக்கே வழி. அதன் மின்செலவை ஏற்கத்தான் வேண்டும். வெப்பப் பரிமாற்றம், அதிர்ச்சி அலை மோதல், அழுத்த ஊசல் ஆகியவற்றுக்குக் குறுநேர ரிக்கைத்தான் பரிந்துரைப்பேன்.

எஞ்சிய இரண்டு

டர்போசார்ஜர் மேடை சிறிய ஆய்வகங்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. நிமிடத்துக்கு லட்சம் சுற்றுகளைத் தாண்டும் எந்திரம் கடையில் கிடைக்கிறது. எரிப்பறையும் எண்ணெயும் அழுத்தக் காற்றும் இருந்தால் கம்ப்ரசரின் செயல்வரைபடத்தை (பாய்வுக்கேற்ப அழுத்த விகிதமும் செயல்திறனும் மாறுவதைக் காட்டும் படம்) எடுத்துவிடலாம். மாணவர்கள் சர்ஜின் ஒலியை நேரில் கேட்டு உணரவும் உதவும். ஆனால் பாதைகள் மிகச் சிறியவை. உள்ளே அளக்க வழியில்லை. சூடான டர்பைன் பக்கத்திலிருந்து வெப்பம் பேரிங் உறை வழியே கம்ப்ரசருக்குப் பாய்வதால், குறைந்த வேகங்களில் வெளியேறும் காற்றின் வெப்பநிலை உயர்ந்து, செயல்திறன் உள்ளதைவிடக் குறைவாகத் தோன்றும். டர்பைனைக் குளிர்ந்த காற்றால் ஓட்டியும் ஒருமுறை அளந்து ஒப்பிட்டால்தான் இந்தப் பிழையின் அளவு தெரியும். பாய்வியலை ஆராய இது ஏற்றதன்று. செயல்வரைபடத்துக்கும் கற்பித்தலுக்கும் ஏற்றது.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் உள்ள திரவ ரிக் தனி வகை. பிளேடுகள் அக்ரிலிக்கால் ஆனவை. பாய்வது சோடியம் அயோடைடு கரைசல். இரண்டின் ஒளிவிலகல் எண்ணும் 1.49-ஐ ஒட்டி ஒத்திருப்பதால், திரவத்துக்குள் பிளேடு கண்ணுக்கு மறைந்துவிடுகிறது; தாள்போல் விரித்த லேசர் ஒளியும் கேமராவும் முனை இடைவெளியின் உள்ளேயே தடையின்றிப் பார்க்கின்றன. முனைக்கசிவுச் சுழலை அவ்வளவு நெருக்கத்தில் வேறெங்கும் காண்பது அரிது. அடர்த்தி மாறாத பாய்வு மட்டும்தான் இதில் சாத்தியம் என்பதும், விலையுயர்ந்த கரைசலைக் காற்றும் ஒளியும் படாமல் பேண வேண்டும் என்பதும் இதன் எல்லைகள். ஒளியியல் அளவீட்டில் ஏற்கெனவே தேர்ந்த குழுவுக்கு மட்டும் இதைச் சொல்வேன்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

ஒரு கூடமும் இருநூறு கிலோவாட்டை ஒட்டிய மின்னிணைப்பும் சில ஆராய்ச்சி மாணவர்களும் உள்ள ஆய்வகத்தை நினைத்துப் பேசுகிறேன், ஏனெனில் பெரும்பாலானவை இந்த நிலையில்தான் உள்ளன. அங்கே என் தேர்வு ஒன்றரை மீட்டர் விட்டக் குறைவேக ரிக். முதலில் ஒன்றரை நிலையோடு தொடங்கி, தண்டையும் அடித்தளத்தையும் உறையையும் நான்கு நிலைகளுக்கு இடம் இருக்கும்படி அமைக்க வேண்டும். அருகில் ஒரு நேர்கோட்டுக் கேஸ்கேடு இருந்தால், புதிய பிளேடு வடிவங்களை முதலில் அங்கே சலித்து, தேறியதை மட்டும் சுழல் ரிக்குக்கு எடுத்துச் செல்லலாம். இரண்டுக்கும் ஒரே விசிறியும் ஒரே நகர்த்தியும் ஒரே தரவுச் சேகரிப்பும் போதும் என்பதால் செலவு இரட்டிப்பாகாது. டர்பைன் குளிர்விப்புதான் ஆய்வகத்தின் துறை என்றால் இந்தப் பரிந்துரை பொருந்தாது. அங்கே முதல் பணத்தைக் குறுநேர ரிக்குக்குக் கொடுக்க வேண்டும், முதல் கட்டத்தில் அசையாத வளைய வழிகாட்டிப் பிளேடுகளோடு, ரோட்டாரைப் பின்னர் சேர்க்கும் வகையில்.

அதிவேக ரிக்கைக் கேட்கும் குழுவிடம் நான் கேட்பது ஒன்றே: உங்கள் ஆய்வுக் கேள்வியில் அதிர்ச்சி அலையோ பாதை அடைபடுவதோ (பாய்வு ஒலி வேகத்தை எட்டி அதற்கு மேல் கூடாமல் நிற்பது) இருக்கிறதா? இருந்தால் வேறு வழியில்லை. கேஸ்கேடிலிருந்து ரோட்டார் வரை முழுத் தயாரிப்போடு அதற்குள் இறங்க வேண்டும். கேள்வி முனைக்கசிவைப் பற்றியோ, மூலைப் பிரிவைப் பற்றியோ, நிலைகளின் பொருத்தத்தைப் பற்றியோ என்றால், அதே பணத்தில் குறைவேக ரிக் பலமடங்கு அடர்த்தியான தரவைத் தரும்.

எந்த ரிக்கானாலும், வரைபடத்தை உறுதி செய்யும் முன் ஒரு பிழைக் கணக்கைத் தயாரித்துக் கையெழுத்திட வேண்டும்: ஒவ்வொரு உணரியின் பிழையும் இறுதியில் தேடும் செயல்திறனிலோ இழப்புக் கெழுவிலோ எவ்வளவாக வந்து சேர்கிறது என்ற கணக்கு. ஆராய விரும்பும் மாற்றம் அரை விழுக்காடு என்று இருக்க, கணக்கு ஒரு விழுக்காடு பிழை என்று காட்டினால், உணரியை மாற்ற வேண்டும், அல்லது ரிக்கைப் பெரிதாக்க வேண்டும், அல்லது கேள்வியையே மாற்ற வேண்டும். அந்தக் கணக்கு முடிந்த பிறகு நுழைவு வாயின் முன்னால் போதிய காலி இடம் விட்டு, பாய்வளவிக்கு முன் நேர்க்குழாய் நீளம் ஒதுக்கி, த்ராட்டிலின் இடத்தைக் குறித்து, அதன்மேல்தான் கூடத்தின் சுவர்களை வரையத் தொடங்கலாம்.